பூஜ்யமும் கணக்கில் சேரும்

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் வடகிழக்குத் தட ரயிலில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் ஹார்பர்ஃபிரண்ட். அதுதான் புக்கிட் மேரா வட்டாரத்தின் தென்முனை. நிலையத்தை ஒட்டியே மராங் பாதை ஃபேபர் மலை மேல் ஏறுகிறது. நீளம் 800 மீட்டர்தான். ஆனால் ஏறத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் பேருந்துச் சத்தம் பின்தங்கி, சில்வண்டின் இரைச்சல் காதை அடைக்கிறது. நான் போனது ஒரு சனிக்கிழமை காலை. எனக்கு முன்னால் எட்டு வயது முதல் பதினோரு வயது வரையிலான பிள்ளைகள் ஒரு கூட்டமாகப் படியேறிக்கொண்டிருந்தார்கள். அக்கம்பக்கத்து வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி புளோக்குகளில் இருப்பவர்கள் சேர்ந்து நடத்தும் சிறிய இயற்கைக் குழு அது. நண்பர் ஒருவரின் மகள் அதில் இருந்ததால் என்னையும் கூட வரச் சொல்லியிருந்தார்கள்.

ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் கயிற்றில் கட்டிய பென்சில் தொங்கியது. கையில் அட்டையும் கட்டம் போட்ட தாளும். கூட்டிப்போனவர் முப்பது வயதுத் தமிழ்ப் பெண். வார நாள்களில் அலுவலக வேலை, சனிக்கிழமையில் இது. சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும்கூட அவரை "அக்கா" என்றுதான் கூப்பிட்டார்கள். பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. தமிழ்ப் பிள்ளைகளிடம் திரும்பும்போது தானாகத் தமிழாகிவிடும்.

முதல் வளைவில் எல்லாரையும் நிறுத்தி, "கையைப் பின்னால கட்டிக்குங்க" என்றார். எனக்கு வியப்பாக இருந்தது. கையால் செய்து கற்கும் வகுப்பு என்று சொல்லித்தான் என்னை அழைத்திருந்தார்கள். இலையைத் தொட்டு, மண்ணைக் கிளறி, பூச்சியைக் குப்பியில் அடைத்துப் பார்ப்பதைத்தான் நான் எதிர்பார்த்தேன். ஆனால் சிங்கப்பூர்ப் பூங்காக்களில் செடியைப் பறிப்பதும் உயிரினத்தைப் பிடிப்பதும் சட்டப்படி குற்றம். அதைவிடப் பெரிய காரணத்தை அக்கா பிறகு சொன்னார்: "தொட்டுட்டா பார்க்கறதை நிறுத்திடுவாங்க. கையைக் கட்டினாத்தான் கண்ணு வேலை செய்யும்." அப்படியே நடந்தது. கை கட்டிய பிள்ளைகள் குனிந்தார்கள், மண்டியிட்டார்கள், கழுத்தை வளைத்து இலைக்கு அடிப்புறம் பார்த்தார்கள். ஒரு சிறுமி தரையில் ஏறக்குறையப் படுத்தேவிட்டாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு மரவட்டை.

அதன்பின் எண்ணிக்கை. ஓரிடத்தில் அசையாமல் பத்து நிமிடம் நிற்க வேண்டும். கண்ணில் பட்ட பறவையை மட்டும் எழுத வேண்டும். மைனா, கொண்டலாத்தி, தேன்சிட்டு, மாங்குயில் என்று கட்டங்கள் நிரம்பத் தொடங்கின. ஒரு சிறுவனின் தாளில் இருவாச்சிக்கு நேரே 2 என்று இருந்தது. எங்கே பார்த்தாய் என்று கேட்டார் அக்கா.

"போன வாரம், எங்க புளோக் பக்கத்துல."

"அது போன வாரத்துக் கணக்கு. இன்னைக்கு எத்தனை பார்த்த?"

"ஒண்ணும் இல்லை."

"அப்போ பூஜ்யம் போடு. இல்லைன்னு தெரிஞ்சதும் ஒரு தகவல்தான்."

பையனுக்கு மனமே இல்லை. அழிப்பானால் மெதுவாகத் தேய்த்துவிட்டு, தாள் கிழிகிற மாதிரி அழுத்தி ஒரு பூஜ்யம் போட்டான். அன்று நான் கண்டதில் இதைத்தான் முக்கியமான பாடமாக நினைக்கிறேன். காட்டுயிர்மேல் அன்பு வை என்று பிள்ளைக்குச் சொல்வது எளிது. இங்கே அதைவிடக் கடினமான ஒன்று கேட்கப்பட்டது. ஆசைப்பட்டதை எழுதாதே, பார்த்ததை எழுது என்று ஒன்பது வயதில் ஒருவனுக்குப் பழக்கிவிட்டால், பெரியவனானபின் ஒரு காட்டை அழித்துவிட்டு ஆவணத்தில் மட்டும் மரம் நடுகிற அதிகாரியாக அவன் ஆகமாட்டான் என்று நம்புகிறேன்.

இப்படிப் பொதுமக்கள் எடுக்கும் கணக்குக்கு இந்த ஊரில் மதிப்பு இருக்கிறது. தேசியப் பூங்காக் கழகம் 2011இல் 'கம்யூனிட்டி இன் நேச்சர்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதன்கீழ் 2015 முதல் பூங்காப் பறவைகளைத் தொண்டூழியர்கள் கணக்கெடுக்கிறார்கள். பிறகு வண்ணத்துப்பூச்சி, தும்பி, கொக்கு நாரை இனங்கள் என்று அது விரிந்தது. பள்ளிப் பிள்ளைகள் தங்கள் பள்ளி வளாகத்திலேயே உயிரினக் கணக்கெடுக்கவும் ஏற்பாடு உண்டு. எடுத்த எண் குப்பைக்குப் போவதில்லை என்று தெரிந்தால் பிள்ளைகளின் முகம் மாறிவிடுகிறது. விளையாட்டுக்குச் செய்யச் சொன்ன வேலையையும், நிஜமாகத் தேவைப்படும் வேலையையும் அவர்கள் நம்மைவிடச் சீக்கிரம் பிரித்தறிகிறார்கள்.

ஃபேபர் மலைக்கு ஒரு சென்னைத் தொடர்பு உண்டு. சார்லஸ் எட்வர்டு ஃபேபர் என்பவர் மதராஸ் இன்ஜினியர்ஸ் படைப்பிரிவின் கேப்டன். சமிக்ஞைக் கம்பம் நிறுவ மலை உச்சிக்குச் சாலை வெட்டியவர் அவர். அதுவரை தெலுக் பிளாங்கா மலையாக இருந்தது 1845இல் அவர் பெயரைப் பெற்றது. இன்று பார்க்கும் பசுமை அந்தக் காலத்துக் காடு அல்ல. வெட்டி வெறுமையாக்கியபின் மீண்டும் வளர்ந்தது. சிங்கப்பூரின் ஆதி இயற்கைப் பரப்பில் 95 விழுக்காட்டுக்கு மேல் அழிந்துபோனதாக ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். மிஞ்சிய துண்டுகளும் திரும்பி வளர்ந்த துண்டுகளுமே இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்த காடு.

பையன் ஆசைப்பட்ட இருவாச்சியின் கதையும் அப்படிப்பட்டதே. கருப்பு வெள்ளை இருவாச்சி 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சிங்கப்பூரிலிருந்து மறைந்துவிட்டது. 1994இல் புலாவ் உபின் தீவில் மீண்டும் தென்பட்டது. வந்த பறவைக்குக் கூடு வைக்க இடமில்லை. இருவாச்சி தானாகப் பொந்து குடையாது. முதிர்ந்த பெருமரத்தில் ஏற்கெனவே இருக்கும் பொந்துதான் அதற்கு வேண்டும். பெண் பறவை உள்ளே புகுந்து, வாசலை அடைத்துக்கொண்டு, அலகு நுழையும் பிளவை மட்டும் விட்டுவைக்கும்; குஞ்சு வளரும்வரை ஆண்தான் உணவு கொண்டுவந்து ஊட்ட வேண்டும். பெருமரங்கள் போய்விட்ட ஊரில் இது எப்படி நடக்கும்? 2004இல் தொடங்கிய இருவாச்சித் திட்டத்தில் ஆய்வாளர்கள் செயற்கைக் கூட்டுப் பெட்டிகளை மரங்களில் பொருத்தினார்கள்; உள்ளே கேமரா வைத்துக் கவனித்தார்கள். பறவைகள் பெட்டியை ஏற்றுக்கொண்டன. இன்று அடுக்குமாடி ஜன்னல் கம்பியில் இருவாச்சி வந்து உட்காரும் படங்கள் சிங்கப்பூர்க் குடும்பங்களின் கைபேசிகளில் சகஜம். வால்பாறைக்குப் போய், மழையில் நனைந்து, தொலைநோக்கியால் தேடியும் இருவாச்சியைக் காணாமல் திரும்பிய எனக்கு, 'எங்க புளோக் பக்கத்துல' என்று அந்தப் பையன் சர்வசாதாரணமாகச் சொன்னது கொஞ்சம் பொறாமையைத் தந்தது.

உச்சியில் ஏறியதும் தெற்கே கடல் விரிகிறது. செந்தோசா தீவு, கேபிள் கார், அவற்றுக்கு இப்பாலும் அப்பாலும் துறைமுகப் பாரந்தூக்கிகள். பிள்ளைகள் தண்ணீர் குடித்து முடித்ததும் அக்கா கொள்கலன் கப்பல் ஒன்றைக் காட்டினார். பிறகு, "எல்லாரும் உங்க கட்டைவிரல் நகத்தைத் தொட்டுப் பாருங்க" என்றார். அழுத்திப் பார், சுரண்டிப் பார், ஓரத்தை வளைத்துப் பார். பார்த்தார்கள். "அழுங்குக்கு உடம்பு முழுக்க இதுதான்."

எறும்புதின்னி என்றும் அழுங்கு என்றும் நாம் சொல்லும் விலங்கின் செதிலும் நம் நகமும் கெரட்டின் என்ற ஒரே பொருளால் ஆனவை. மருந்து என்று நம்பி அந்தச் செதிலுக்காக உலகில் லட்சக்கணக்கான அழுங்குகளைக் கொன்றிருக்கிறார்கள். 2019 ஏப்ரலில், உறைய வைத்த மாட்டிறைச்சி என்று பொய் சொல்லி நைஜீரியாவிலிருந்து வியட்நாமுக்குப் போய்க்கொண்டிருந்த கொள்கலன் ஒன்றை, இந்த மலைக்கு மேற்கே உள்ள பாசிர் பாஞ்சாங்கில் அதிகாரிகள் திறந்தார்கள். உள்ளே 12.9 டன் அழுங்குச் செதில். சுமார் 17,000 உயிர்கள் என்று கணக்கிட்டார்கள். ஒரே வாரத்தில் இன்னொரு கொள்கலனும் சிக்கியது. இரண்டும் சேர்ந்து 25 டன்னுக்கு மேல். அதே ஆண்டு ஜூலையில் 8.8 டன் யானைத் தந்தம் பிடிபட்டது. கிட்டத்தட்ட 300 ஆப்பிரிக்க யானைகளின் தந்தம் அது. பிடிபட்ட தந்தத்தில் 9 டன்னை 2020 ஆகஸ்டில் உலக யானை நாளுக்கு முந்தைய நாள் அரைத்துத் தூளாக்கத் தொடங்கினார்கள். சந்தைக்கு ஒருபோதும் திரும்பக்கூடாது என்பதற்காக. 2021 செப்டம்பர் முதல் உள்நாட்டிலும் தந்த விற்பனைக்குத் தடை.

இந்த எண்களை எல்லாம் அக்கா பிள்ளைகளிடம் சொல்லவில்லை. நகத்தைத் தொடச் சொன்னார், கப்பலைக் காட்டினார், ஒரு கொள்கலன் நிறைய அந்த நகம் இருந்தது என்றார். அவ்வளவுதான். ஒரு பையன், "அதுக்கு வலிச்சிருக்குமா?" என்று கேட்டான். "வலிச்சிருக்கும்" என்றார். மழுப்பவில்லை. தூர தேசத்து விலங்கு என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக, சுந்தா அழுங்கு சிங்கப்பூரின் நடுக்காட்டிலேயே இருக்கிறது என்பதையும், விரைவுச்சாலையில் அடிபட்டுச் சாகாமல் அது கடப்பதற்காக 2013இல் 62 மீட்டர் நீளத்துக்கு மரமும் புதரும் நட்ட பாலம் கட்டப்பட்டதையும் சொன்னார். அந்தப் பாலத்தில் மனிதர்கள் நடக்க முடியாது என்பதே பிள்ளைகளை அதிகம் கவர்ந்தது. நமக்கென்று கட்டாத பாலம் ஒன்று ஊரில் இருக்கிறது என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டே நடந்தார்கள்.

அங்கிருந்து ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலம். சாலைக்கு 36 மீட்டர் மேலே, அலைபோல் வளைந்த மரத்தளம். 274 மீட்டர் நீளம். ஃபேபர் மலையையும், இன்று தெலுக் பிளாங்கா மலை என்று வழங்கும் அடுத்த குன்றையும் இணைக்கிறது. வடக்கே புக்கிட் மேராவின் அடுக்குமாடிகள் தெரிகின்றன. புக்கிட் மேரா என்றால் மலாயில் செம்மலை. மண்ணின் நிறத்தால் வந்த பெயர், கதையோ வேறு. கரையோர மக்களை ஊசி மூக்கு மீன்கள் பாய்ந்து குத்திக் கொன்றுகொண்டிருந்த காலத்தில், கரை நெடுக வாழைத்தண்டால் அரண் கட்டுங்கள் என்று ஒரு சிறுவன் யோசனை சொன்னான். பாய்ந்த மீன்களின் மூக்கு தண்டில் மாட்டிக்கொண்டது, ஊர் பிழைத்தது. இத்தனை கெட்டிக்காரன் வளர்ந்தால் ஆபத்து என்று அஞ்சிய அரசன் அவனைக் கொல்ல உத்தரவிட்டான். அந்த ரத்தம்தான் மலையைச் சிவப்பாக்கியது என்கிறார்கள். 'செஜாரா மெலாயு' என்ற மலாய் நூலில் உள்ள பழங்கதை. பெரியவர்கள் எல்லாம் வரிசையில் நின்று செத்துக்கொண்டிருந்தபோது மீன் எப்படிப் பாய்கிறது என்று கவனித்துப் பார்த்தவன் அந்தச் சிறுவன் ஒருவனே. அவன் பெயரில் ஊரில் ஒரு நினைவுச் சின்னம் வைத்தால் தகும்.

தெலுக் பிளாங்கா பக்கம் இறங்கும்போது, நண்பரின் மகள் அக்காவின் பக்கத்தில் நடந்துகொண்டே கேட்டாள்: "எங்க பாட்டி அமாவாசைக்குக் காக்காவுக்குச் சோறு வைப்பாங்க. அது தப்பா அக்கா?"

சிங்கப்பூரில் இது சின்னக் கேள்வி அல்ல. 2020 ஜூனில் நடப்புக்கு வந்த காட்டுயிர்ச் சட்டம், காட்டு விலங்குகளுக்கு உணவிடுவதைத் தடுக்கிறது. முதல் முறைக்கே 5,000 சிங்கப்பூர் வெள்ளிவரை அபராதம் விதிக்கலாம். புளோக்குக்குக் கீழே புறாவுக்கு ரொட்டி போட்டவர்கள் நீதிமன்றப் படி ஏறியிருக்கிறார்கள். அக்கா சட்டத்தைச் சொல்லவில்லை. காகத்தின் வரலாற்றைச் சொன்னார். இந்த வீட்டுக் காகம் இந்த மண்ணின் பறவையே அல்ல. நூறு ஆண்டுகளுக்கு மேலிருக்கும், காப்பித் தோட்டத்துப் புழுக்களை ஒழிக்க இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது. அங்கிருந்து பெருகிச் சிங்கப்பூர்வரை பரவியது. நம்மைப்போலவே தோட்ட வேலைக்கென்று கப்பலில் வந்ததுதான். அதன் கூட்டில் முட்டையிடும் குயிலும் அதைத் தொடர்ந்து பெருகியது. தின்ன ஏராளமாகக் கிடைத்தால் கூடு அதிகமாகும். கூடு அதிகமானால் குஞ்சைக் காக்கிற காகம் போவோர் வருவோரைக் கொத்தும். கொத்தினால் கூட்டைக் கலைக்க ஆள் வரும். "பாட்டிகிட்டப் போய்த் தப்புன்னு சொல்லிடாத. இந்தக் கதையைச் சொல்லு. பாட்டியே முடிவு பண்ணுவாங்க."

பிள்ளை வழியாகப் பெரியவர்களைத் திருத்துவது என்று நம் ஊர் விழிப்புணர்வு நிகழ்ச்சிகளில் பெருமையாகச் சொல்வார்கள். பேரப்பிள்ளையை வீட்டுக்குள் போலீஸ்காரராக்கும் அந்த முறை எனக்குப் பிடித்ததே இல்லை. பாட்டியின் படையலுக்குள் இறந்தவர்கள் மேலுள்ள அன்பு இருக்கிறது. அதைக் குற்றம் என்று எட்டு வயதுப் பிள்ளை வாயால் சொல்ல வைத்தால் இழப்பு இரண்டு பேருக்கும்தான். கதையாகச் சொல்லி அனுப்பியது நல்ல முடிவு.

இந்த மலைத்தொடரை விட்டுக் கடலோரம் இறங்கினால் பெர்லேயர் கழிமுகம். லாப்ரடார் பார்க் எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்துபோகும் தொலைவு. சிங்கப்பூர்ப் பெருநிலத்தின் தென்கரையில் எஞ்சியிருக்கும் ஓரிரு அலையாத்தித் திட்டுகளில் ஒன்று. பிச்சாவரம் பார்த்தவர்களுக்கு அளவில் இது ஒரு மூலைகூட ஆகாது. ஆனால் மரத்தால் ஆன நடைபாதையில் நின்று கீழே பார்த்தால் சேற்றில் துடுப்பூன்றித் தாவும் மீன்கள், ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த பிடில் நண்டுகள், வேரைப் பிடித்தபடி நத்தைகள். வேறொரு நாள் நான் தனியாகப் போனபோது கரையில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கையுறை போட்டுக் குப்பை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பொறுக்க, இன்னொருவர் எழுதிக்கொண்டே வந்தார்: உறிஞ்சுகுழல், பாட்டில் மூடி, மெத்து நுரைத் துண்டு, தூண்டில் நரம்பு. பன்னாட்டுக் கடற்கரைத் தூய்மைப் பணியில் சிங்கப்பூர் 1992 முதல் பங்கேற்கிறது. பொறுக்கிய ஒவ்வொன்றையும் வகைவாரியாகத் தாளில் பதிவதுதான் அதன் உயிர்நாடி. பொறுக்குவதோடு நிறுத்தினால் அடுத்த அலையில் கரை பழையபடி ஆகிவிடும். எழுதி வைத்தால்தான் எது எங்கிருந்து வருகிறது என்று யாரையாவது கேட்க முடியும். மூட்டை நிறைந்த பெருமையைவிட, ஒரே கரையில் இத்தனை உறிஞ்சுகுழலா என்ற அதிர்ச்சி பிள்ளைகளின் பேச்சில் அதிகம் இருந்தது.

இதையெல்லாம் பார்க்கும்போது சென்னைக் கடற்கரை நினைவுக்கு வராமல் இல்லை. கடலாமைகளுக்காக மாணவர்கள் நடத்தும் அமைப்பு 1988 முதல் அங்கே இயங்குகிறது. சனவரி தொடங்கி ஏப்ரல்வரை இரவில் மணலில் நடந்து, பங்குனி ஆமையின் முட்டைகளைக் கண்டெடுத்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைத்துக் காத்து, குஞ்சுகளைக் கடலுக்கு அனுப்புகிறார்கள். அங்கும் வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைக்கு முதலில் சொல்வது தொடாதே, விளக்கடிக்காதே, அதுவே நடந்து போகட்டும் என்பதுதான். 2015 முதல் பொங்கல் நான்கு நாள்களிலும் தமிழகப் பறவை ஆர்வலர்கள் ஊர் ஊராகக் கணக்கெடுக்கிறார்கள். சிவகங்கைச் சீமையில் கொள்ளுக்குடிப்பட்டி ஊரார் வேட்டங்குடிக்கு வரும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகள் தீபாவளியன்று செய்யாமல் விடுவதே ஒரு பெரிய செயல்முறைப் பயிற்சி. நம்மிடம் அறிவும் மரபும் இருக்கின்றன. பள்ளிக்கூட நேர அட்டவணையில் அவற்றுக்கு இடம்தான் இல்லை. சிங்கப்பூரிலோ மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்பு அறிவியலில் உயிரினங்களின் வாழ்க்கைச் சுழற்சி பாடமாகவே இருக்கிறது. வண்ணத்துப்பூச்சியை முட்டையிலிருந்து வளர்த்துப் பறக்கவிடாத தொடக்கப்பள்ளி குறைவு என்று அக்கா சொன்னார். சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குட்டால் 1991இல் தான்சானியாவில் 'ரூட்ஸ் அண்ட் ஷூட்ஸ்' இயக்கத்தைத் தொடங்கியபோது அவரோடு இருந்தவர்கள் 12 மாணவர்கள். இப்போது அது பல நாடுகளில் நடக்கிறது, சிங்கப்பூரிலும். தொடங்க ஒரு வகுப்புப் பிள்ளைகளே போதும்.

சனிக்கிழமை நடைக்குத் திரும்புகிறேன். தெலுக் பிளாங்கா மலையிலிருந்து ஃபாரஸ்ட் வாக் என்ற இரும்பு நடைபாதை மர உச்சிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து 1.3 கிலோமீட்டர் போகிறது. கிளைகள் கண்மட்டத்தில் இருப்பதால் பிள்ளைகளுக்கு இங்கே பறவைகளின் முதுகு தெரியும். அதைக் கடந்து அலெக்சாண்ட்ரா ஆர்ச் பாலத்தில் சாலையைத் தாண்டினால் ஹார்ட்பார்க். 2008இல் திறந்த தோட்டக்கலைப் பூங்கா. பக்கத்து டிப்போ சாலையில்தான் ஸ்ரீ ருத்ர காளியம்மன் கோயில் இருக்கிறது. அலெக்சாண்ட்ரா செங்கல் சூளையில் வேலை செய்த நம் மக்கள் 1913இல் சூளை வளாகத்துக்குள் தொடங்கி வைத்த கோயில். 1983இல் இந்த இடத்தில் குடமுழுக்கு நடந்தது. இந்த மலைச் சரிவுகளின் மண்ணை வெட்டிச் செங்கல்லாக்கியவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள்கூட இப்போது இந்தக் கூட்டத்தில் இருக்கலாம்.

ஹார்ட்பார்க்கின் வண்ணத்துப்பூச்சித் தோட்டத்தில்தான் நாங்கள் அதிக நேரம் இருந்தோம். எலுமிச்சைச் செடி ஒன்றின் முன் அக்கா எல்லாரையும் உட்கார வைத்தார். இலைமேல் பறவை எச்சம். "பார்த்தீங்களா?" பார்த்தோம் என்றார்கள். "இன்னும் பாருங்க." ஒரு நிமிடம் கழித்து எச்சம் நகர்ந்தது. கூச்சல்! அது எலுமிச்சை அழகியின் இளம்புழு. பழுப்பும் வெள்ளையுமாக எச்சம்போல் தோற்றம் காட்டிப் பறவைகளை ஏமாற்றுகிறது. கடைசியாகத் தோலுரித்ததும் இலைப் பச்சைக்கு மாறிவிடும். பக்கத்து இலையில் அப்படி ஒன்று கொழுத்துக் கிடந்தது. யாருடைய மூச்சோ பட்டிருக்க வேண்டும். அது தலையைத் தூக்கி, நெற்றிக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பை நீட்டியது. புளித்த எலுமிச்சை வாடை என் மூக்குவரை வந்தது. சில நொடிகளில் கொம்பு உள்ளே போய்விட்டது. யாரும் அதைத் தொடவில்லை, தொட வேண்டும் என்று கேட்கவும் இல்லை.

கொஞ்சம் தள்ளி நம் எருக்கு. பிள்ளையாருக்கு மாலை கட்டும் அதே எருக்கம்பூ. வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு அதைத்தான் தின்கிறது. எருக்கம்பாலின் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொண்டு பறவைக்குக் கசப்பாகிவிடுகிறது. சாலையோரத்தில் வேண்டாத செடி என்று நாம் வெட்டித் தள்ளுவதை இங்கே பெயர்ப்பலகையோடு வளர்க்கிறார்கள். இதற்கு அருகிலுள்ள அலெக்சாண்ட்ரா மருத்துவமனையில் ஊழியர்கள் இப்படிப் புழு தின்னும் செடிகளைத் தேடித் தேடி நட்டு உருவாக்கிய தோட்டத்துக்கு நூறு வகை வண்ணத்துப்பூச்சிகள்வரை வந்திருக்கின்றன. பூவுக்காக வருவது வேறு, முட்டையிட வருவது வேறு. தேன் குடிக்கப் பல பூக்கள் உதவும். முட்டையிட ஒவ்வொன்றுக்கும் தனக்கான செடி வேண்டும். அந்தச் செடியை எடுத்துவிட்டால் அந்தப் பூச்சி இல்லை. காட்டுயிர்ப் பாதுகாப்பில் வாழிடம் என்று மேடையில் பேசுவதெல்லாம் இதுதான். இங்கே அது ஒரு தொட்டியளவுக்குச் சுருங்கிப் பிள்ளைகளின் கண்முன் இருந்தது.

மதியம் அலெக்சாண்ட்ரா வில்லேஜ் உணவங்காடியில் சாப்பிட உட்கார்ந்தோம். மேசைக்கு மேசை மைனாக்கள் தாவின. தட்டைத் திருப்பி வைக்க வேண்டும் என்பது 2021 செப்டம்பரிலிருந்து உணவங்காடிகளில் கட்டாயம். யார் தட்டில் சோறு மிஞ்சியிருக்கிறது என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் சோதித்துக்கொண்டே எடுத்துப்போனார்கள். நண்பரின் மனைவி மகளை அழைத்துப்போக வந்திருந்தார். காலையில் பார்த்ததையெல்லாம் அவள் ஒரே மூச்சில் கொட்டினாள். கடைசியில், "அம்மா, நம்ம கறிவேப்பிலையில இருக்கறதும் அதேதான். அது கறிவேப்பிலை அழகி!"

வீட்டுக்கு வெளியே, பொது நடைவழியில், இரண்டு தொட்டிக் கறிவேப்பிலை வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் தமிழர் வீட்டை அடையாளம் காட்டுவதே பல புளோக்குகளில் அந்தச் செடிதான். கொசு வந்துவிடும் என்பதால் அடித்தட்டில் தண்ணீர் நிற்காமல் தினமும் பார்க்க வேண்டும். அதைப் பாட்டி பார்த்துக்கொள்கிறார். புழுவையும் அவரே பார்த்துப் பார்த்துக் கிள்ளி எறிகிறார்.

"இனிமே எறிய வேணாம்னு சொல்லும்மா."

"மொட்டையாக்கிடும்டி. ரசத்துக்கு என்ன பண்றது?"

"ரெண்டு தொட்டி இருக்குல்ல? பெருசு புழுவுக்கு, சின்னது ரசத்துக்கு."

"பெருசா?" அம்மா என்னைப் பார்த்தார். நான் பிள்ளை பக்கம்தான். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, பாட்டிகிட்ட நான் பேசறேன். கொஞ்ச நாளைக்குக் கடையில வாங்கிக்கலாம்."

பேரம் படிந்ததும் மகள் அக்காவிடம் ஓடினாள். ஒரு புழு வண்ணத்துப்பூச்சி ஆவதற்குள் எத்தனை இலை தின்னும் என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியாதே. நீ எண்ணிச் சொல்லு."

தாளின் பின்பக்கத்தைத் திருப்பி, பென்சிலால் கோடிழுத்து, நாளுக்கு ஒரு கட்டமாகப் போடத் தொடங்கினாள். மூன்றாவது கட்டத்தில் கை நின்றது.

"அக்கா, பாதி தின்னுட்டு விட்டுட்டுப் போன இலையை எப்படி எழுதறது?"